டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச் இருக்கிறது, உங்கள் வீட்டு கேபிளில் ஏன் இல்லை?

இந்திய அணி ஆடும் தொடர் வந்துவிட்டால் சென்னை வீடுகளில் இந்தக் குழப்பமும் வந்துவிடுகிறது. டிடி ஸ்போர்ட்ஸில் நேரலை என்று செய்தி வந்திருக்கும். கேபிளில் அந்தச் சேனலை வைத்தால் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடும். கேபிள்காரருக்கு போன் போட்டால், "நம்ம கையில இல்லைங்க, அங்கேருந்தே வர்றதில்ல" என்பார். அவர் சொல்வது உண்மைதான். அதே நேரத்தில், இரண்டு வீடு தள்ளி மொட்டை மாடியில் தூர்தர்ஷனின் சந்தா இல்லாத ஃப்ரீ டிஷ் தட்டு வைத்திருப்பவர் வீட்டில் அதே டிடி ஸ்போர்ட்ஸில் டாஸ் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இது சிக்னல் கோளாறு இல்லை. 2007இல் வந்த ஒரு சட்டத்தில் உள்ள சில சொற்களும், அவற்றுக்கு 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பொருளும்தான் காரணம். அதைப் புரிந்துகொள்ள, பொது ஒளிபரப்பு என்றால் என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பொது ஒளிபரப்பு என்றால் என்ன?

அரசு சேனல், தனியார் சேனல் என்று இரண்டாகப் பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். பொது ஒளிபரப்பு என்பது இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. மக்கள் பணத்தில் நடப்பது, மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது. அதை மூன்று விஷயங்களை வைத்து அடையாளம் காணலாம்:

1. காசு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.
2. விளம்பரதாரர் சீண்டாததையும் காட்ட வேண்டும்.
3. ஆளும் கட்சிக்கோ விளம்பரம் கொடுப்பவருக்கோ கட்டுப்படாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு ஊர்களில் நடந்தன. அதில் சிலம்பமும் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயத்துக்கும் சிலம்பத்துக்கும் கோடிக்கணக்கில் கொடுத்து உரிமை வாங்க எந்தத் தனியார் நிறுவனமும் வரிசையில் நிற்காது. அப்படிப்பட்ட போட்டிகள் திரைக்கு வர டிடி ஸ்போர்ட்ஸ் போன்ற ஒரு சேனல் தேவைப்படுகிறது.

இந்தியாவில் இந்த வேலை பிரசார் பாரதி என்ற அமைப்புடையது. 1990இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆகிவிட்டது. தூர்தர்ஷனும் ஆல் இந்தியா ரேடியோவும் அதன் இரண்டு கைகள். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 முதல் இயங்குகிறது. சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள அந்தக் கட்டடத்திலிருந்து சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் டை ஆன அந்த டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடந்தபோது, நாட்டில் இருந்த ஒரே தொலைக்காட்சி தூர்தர்ஷன்தான். இன்று அதே மைதானத்தில் சர்வதேச ஆட்டம் நடந்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் அந்த நிலையத்தின் சேனல்கூட அதைச் சென்னையின் கேபிள் வீடுகளுக்குக் காட்ட முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு காலத்தில் நாமே நேரடியாகக் கட்டினோம். ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும். தபால் நிலையத்தில் வருடக் கட்டணம் கட்டினால், சின்னப் புத்தகம் ஒன்றில் தபால்தலை போன்ற ஒரு வில்லையை ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். பழைய வீடுகளில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறினால் இன்னும் அகப்படும். பின்னர் டிவிக்கும் லைசென்ஸ் வந்தது. 1980களின் நடுவில் இரண்டையும் ரத்து செய்துவிட்டார்கள்.

பிரிட்டனில் அந்த முறை இன்னும் இருக்கிறது. பிபிசிக்காக ஒரு வீடு கட்டும் டிவி லைசென்ஸ் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய் அளவுக்கு வரும். ஜெர்மனியில் 2021 முதல் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.

நம்மிடம் இன்று இருப்பது மூன்று ஊற்றுகள்:

1. மத்திய பட்ஜெட்டிலிருந்து வரும் மானியம். சமீப ஆண்டுகளில் சுமார் 2,500 கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடும்.
2. கருவிகள், கட்டமைப்புக்கான தனித் திட்டங்கள். 2023 ஜனவரியில் 2,539.61 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திட்டம் அப்படிப்பட்டது. தொலைதூர, எல்லைப்புற, பழங்குடிப் பகுதிகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ டிஷ் பெட்டிகளை இலவசமாகக் கொடுப்பதும் அதில் அடங்கும்.
3. சொந்த வருமானம். விளம்பரம் ஒரு பங்கு. ஃப்ரீ டிஷ்ஷில் இடம் கேட்கும் தனியார் சேனல்களுக்கு ஏலம் விட்டு வரும் பணம் இன்னொரு பங்கு.

2,500 கோடியை 140 கோடிப் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 18 ரூபாய் வருகிறது. சென்னையில் ஒரு டீக்கும் வடைக்கும் அது போதாது. "இலவச சேனல்" என்று நாம் சொல்வது சரியில்லை; வரியாக ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஆனால் கொடுப்பது மிகக் குறைவு, அதுவும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அமைச்சகத்தின் கை வழியாகவே வருகிறது. சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவரை எதிர்த்துச் செய்தி வாசிப்பது எந்த நிறுவனத்துக்கும் கஷ்டம். மேலே சொன்ன மூன்றாவது அடையாளத்தில் தூர்தர்ஷன் தேறவில்லை என்றால், அங்கே வேலை செய்பவர்களை விட இந்த ஏற்பாட்டுக்குத்தான் அதில் பொறுப்பு அதிகம்.

இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் உரிமை வாங்க முடியுமா? 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் உரிமைகள் 48,390 கோடிக்குப் போயின. இந்திய மண்ணில் நடக்கும் 88 சர்வதேச ஆட்டங்களின் உரிமை 5,963 கோடி. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 67 கோடிக்கு மேல். சம்பளத்துக்கே மானியத்தை எதிர்பார்க்கும் நிறுவனம் அந்த ஏலத்தின் பக்கம்கூடப் போக முடியாது. அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது.

அலைகள் யாருடைய சொத்து?

1990களின் தொடக்கம் வரை நிலைமை தலைகீழ். காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை என்பதால் கிரிக்கெட் வாரியத்திடமே தூர்தர்ஷன் பணம் கேட்டது. 1993இல் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையை நடத்தியபோது, உரிமையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. அரசு அனுமதி மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

1995 பிப்ரவரி 9 அன்று வந்த தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. பலருக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது. ஒளிபரப்பில் அரசுக்கு ஏகபோகம் கிடையாது என்பது அது. தனியார் சேனல்களுக்குக் கதவு திறந்தது அதனால்தான் என்று சொல்வார்கள். இன்னொன்று, அலைக்கற்றைகள் பொதுச் சொத்து, அவற்றை மக்கள் நலனுக்காக ஒரு சுதந்திரமான பொது அமைப்பு ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது. அரசிடமிருந்து எடுத்து அப்படியே கம்பெனிகளிடம் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கண்மாய்த் தண்ணீர் போல, பயன்படுத்துபவர் யாராக இருந்தாலும் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

2007 சட்டம்: ஏழு நிமிடத்தில் பிறந்தது

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே ஒருநாள் தொடர் ஆட வந்தது. சேப்பாக்கத்திலும் ஓர் ஆட்டம் இருந்தது. உரிமை வைத்திருந்த நிம்பஸ் நிறுவனம் தூர்தர்ஷனுக்கு நேரலை சிக்னல் தர மறுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் இடைவழியாக ஓர் ஏற்பாடு செய்தது: ஏழு நிமிடம் தாமதமாக தூர்தர்ஷன் காட்டிக்கொள்ளலாம். கிரிக்கெட்டில் ஏழு நிமிடம் என்றால் ஏறக்குறைய இரண்டு ஓவர். பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று அலறல் கேட்கும், உங்கள் டிவியில் அந்தப் பேட்ஸ்மேன் இன்னும் கையுறையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

அடுத்த மாதமே அவசரச் சட்டம், மார்ச்சில் நாடாளுமன்றச் சட்டம். அதன் சாரம் இதுதான்:

1. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரலை சிக்னலை, உரிமைதாரர் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே ஆக வேண்டும்.
2. அந்த சிக்னலில் உரிமைதாரரின் விளம்பரங்கள் இருக்கக் கூடாது. பிரசார் பாரதி தன் விளம்பரங்களைச் சேர்த்துக்கொள்ளும்.
3. அப்படி வரும் விளம்பர வருமானத்தில் டிவி என்றால் உரிமைதாரருக்கு 75 சதவீதம், பிரசார் பாரதிக்கு 25. ரேடியோ என்றால் பாதிக்குப் பாதி.

ஓர் ஆட்டத்தில் தூர்தர்ஷன் ஒரு கோடிக்கு விளம்பரம் பிடித்தால் 75 லட்சம் உரிமைதாரருக்குப் போய்விடும். ஆக இது பறிமுதல் இல்லை, பங்கு வியாபாரம்.

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்கள் போன்றவை பட்டியலில் உண்டு. ஐபிஎல் இல்லை. அதனால்தான் சிஎஸ்கே மேட்சைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

2017 தீர்ப்பு: கேபிளுக்கு மூடிய கதவு

இனி முக்கியமான இடம். பிரசார் பாரதி அந்த சிக்னலை "தன் தரைவழி வலையமைப்பிலும் தன் டிடிஎச் வலையமைப்பிலும்" மறுஒளிபரப்பு செய்வதற்காக என்றுதான் சட்டம் சொல்கிறது. தரைவழி என்றால் கூரை ஆன்டெனாவில் பிடிப்பது. டிடிஎச் என்றால் செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுத் தட்டுக்கு வருவது; தூர்தர்ஷனின் டிடிஎச் ஃப்ரீ டிஷ்.

இன்னொரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டப்படி, ஒவ்வொரு கேபிள் ஆபரேட்டரும் குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? பகிர்ந்த சிக்னல் தூர்தர்ஷனுக்கு வரும், தூர்தர்ஷன் கேபிள் வழியே எல்லா வீட்டுக்கும் போகும். கட்டணச் சேனலுக்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

கிரிக்கெட் வாரியமும் ஒளிபரப்பாளர்களும் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பகிர்ந்த சிக்னல் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி வலையமைப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே. கேபிளுக்கோ தனியார் டிடிஎச்சுக்கோ போகக் கூடாது.

அதனால்தான் மேட்ச் நேரத்தில் டிடி ஸ்போர்ட்ஸ் இரண்டாகப் பிரிகிறது. ஃப்ரீ டிஷ்ஷில் ஆட்டம், கேபிளில் வேறு நிகழ்ச்சி. பெயர் ஒன்று, படம் வேறு.

சரி, 2023 ஜூலையில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது கேபிளிலேயே டிடியில் பார்த்தோமே, பொதிகையில் தமிழ் வர்ணனையோடு வந்ததே என்று சிலர் கேட்கலாம். அது கட்டாயப் பகிர்வில் வந்ததல்ல. அந்தத் தொடரின் டிவி ஒளிபரப்பை ஒப்பந்தம் போட்டுப் பெற்றது தூர்தர்ஷனே. சொந்த உரிமை என்பதால் எந்தத் தடையும் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "டிடியில் வருமா?" என்பதல்ல, "டிடி வாங்கியதா, சட்டப்படி பகிர்ந்ததா?" என்பதுதான்.

சென்னைக்கு ஏன் கூடுதல் இழப்பு?

தரைவழி ஒளிபரப்பின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2022 வாக்கில் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 33 சேனல்களோடு தொடங்கி, இன்று நாடு முழுக்க நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஒரு முறை இரண்டாயிரம் ரூபாய் அளவில் செலவு, மாதச் சந்தா கிடையாது. சென்னையில் அந்தத் தட்டைத் தென்கிழக்கே, கடல் பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் அதன் பெரும் பலம் வட மாநிலங்களில். ஏலத்தில் இடம் பிடிப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். தமிழ் வீட்டில் சாயங்காலம் பார்க்கும் சீரியலும் சினிமாவும் பெரும்பாலும் அதில் கிடைக்காது. சென்னையோ கேபிள் ஊறிய ஊர். பணம் கட்டிய சேனல் மட்டும் தெரியும்படி செட்டாப் பாக்ஸ் வைக்கும் முறை 2003இலேயே இங்கே வந்துவிட்டது. வாடகை வீட்டில் மொட்டை மாடியில் தட்டு வைக்க வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்குவது தனிப் பாடு.

ஆக, எல்லா இந்தியருக்கும் என்று போட்ட சட்டம், நடைமுறையில் இந்திச் சேனல்கள் போதும் என்று இருக்கும் வீட்டுக்குப் போகிறது. சென்னையின் கண்ணகி நகர் போன்ற ஏழைக் குடியிருப்பில் மாதாமாதம் கேபிள் கட்டும் குடும்பத்துக்குப் போவதில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்த ஓரவஞ்சனை இல்லை இது. ஆனால் விளைவு ஓரவஞ்சனைதான், அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது.

மற்றவர்கள் தரப்பு

உரிமைதாரரின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு 67 கோடி கொடுத்தவர் அதை விளம்பரத்திலும் சந்தாவிலும்தான் எடுக்க வேண்டும். அதே படம் கேபிளில் இலவசமாக வந்தால் சந்தா விழும். அடுத்த ஏலத்தில் விலை விழும். வாரியத்திடமிருந்து மாநிலச் சங்கங்களுக்கும் உள்ளூர் வீரர்களுக்கும் போகும் பணமும் குறையும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

பிரிட்டனின் அனுபவம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே சிக்னலைப் பிடுங்குவதில்லை. ஒலிம்பிக், கால்பந்து உலகக் கோப்பை, விம்பிள்டன் இறுதி ஆட்டங்கள் போன்ற ஒரு சிறிய பட்டியல் உண்டு. பெரும்பாலான மக்களுக்கு எட்டும் இலவசச் சேனல்களுக்கு நியாய விலையில் வாய்ப்புக் கொடுக்காமல் அவற்றைக் கட்டணச் சேனல் தனியே வைத்துக்கொள்ள முடியாது.

இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்ட் கிரிக்கெட்டை 1998இல் அந்த உயர்ந்த பட்டியலிலிருந்து இறக்கினார்கள். ஆஸ்திரேலியாவுடனான 2005 ஆஷஸ் டெஸ்ட் தொடர் இலவச சேனலில் வந்தது, நாடே உட்கார்ந்து பார்த்தது. 2006 முதல் நேரலை முழுக்கக் கட்டணச் சேனலுக்குப் போனது. வாரியத்துக்குப் பணம் வந்தது, பார்வையாளர்கள் கரைந்தார்கள். 2019இல் லார்ட்ஸில் இங்கிலாந்து உலகக் கோப்பை இறுதிக்கு வந்தபோது, உரிமை வைத்திருந்த ஸ்கை அந்த ஒரு நாள் மட்டும் இலவச சேனலுடன் பகிர்ந்தது. உச்சத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஆர்வம் செத்துப்போகவில்லை, வழிதான் அடைபட்டிருந்தது.

மொபைல் என்ற பெரிய ஓட்டை

2007 சட்டம் எழுதியபோது ஸ்மார்ட்போனில் மேட்ச் பார்ப்பதை யாரும் நினைக்கவில்லை. கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலை காட்டினால் சிக்னலைப் பகிர வேண்டும் என்றுதான் அதன் வாசகம் தொடங்குகிறது. இணையம் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. நாளை ஒரு தொடர் ஆப்பில் மட்டும் ஓடினால், சட்டத்தின் கடமை தொடங்குமா என்பதே வழக்குக்குரிய விஷயம். மறுபக்கம், 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற சொந்த ஓடிடியைப் பிரசார் பாரதி தொடங்கியது. பகிர்ந்த சிக்னலை அதில் காட்டிக்கொள்ளவும் சட்டத்தில் வழியில்லை.

என்ன மாற்றினால் சரியாகும்?

2018இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. பகிர்ந்த சிக்னல் கேபிள், தனியார் டிடிஎச் வழியாகவும் போகலாம் என்பது அதன் நோக்கம். சட்டமாகவில்லை. பட்டியலை இப்படியே நீளமாக வைத்துக்கொண்டு எல்லா வழியையும் திறந்துவிடுவது உரிமைதாரரின் பிழைப்பை உண்மையிலேயே பாதிக்கும் என்பதால், அது நின்றுபோனதில் ஆச்சரியமில்லை.

வேறு வழி இருக்கிறது. பட்டியலைச் சுருக்கலாம், எட்டும் வீட்டைப் பெருக்கலாம். இருதரப்புத் தொடர்களை விட்டுவிடலாம்; கேபிளுக்கு எட்டாத சிக்னலால் நமக்கு ஏற்கெனவே பெரிய லாபமில்லை. பதிலுக்கு, உலகக் கோப்பைகளின் அரையிறுதி, இறுதி, ஒலிம்பிக், ஆசிய விளையாட்டில் நம்மவர் ஆடும் போட்டிகள் ஆகியவை எந்த வழியில் டிவி பார்த்தாலும், எந்த போனில் பார்த்தாலும் வர வேண்டும். தமிழ்நாட்டில் டிடி தமிழில், தமிழ் வர்ணனையோடு வர வேண்டும். அதற்கு ஈடாக உரிமைதாரருக்கு நியாய விலை கொடுக்கலாம். அந்தப் பணம் ஆண்டுதோறும் அமைச்சகத்திடம் கேட்டு வாங்குவதாக இல்லாமல், ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றம் ஒதுக்கிப் பூட்டி வைக்கும் நிதியாக இருக்கட்டும். ஆளுக்கு 18 ரூபாய் 20 ஆனால் மட்டும் ஆண்டுக்குக் கூடுதலாக 280 கோடி வரும்.

அதுவரை சென்னையில் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, கேபிளோடு கூடவே ஒரு ஃப்ரீ டிஷ். சில புதிய டிவிகளில் செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே வருகிறது. அப்படி இருந்தால் தனிப் பெட்டிகூட வேண்டாம், தட்டும் வயரும் போதும். இன்னொன்று, ஆல் இந்தியா ரேடியோ. சேப்பாக்கம் ஆட்டங்களுக்குச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் நேர்முக வர்ணனை செய்து, "ஃபைன் லெக்" எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களையும் மைதானத்துக்குள் கூட்டிப்போன வானொலி அது. அதற்குக் கேபிளும் வேண்டாம், ஏலமும் வேண்டாம். வர்ணனை இருக்கும் நாளில் டிரான்சிஸ்டரைத் திருப்பினால் போதும்.